அடுக்களைச் சுவரில் தொங்கிய ஊர்

நான் ஆபத்தான ஊரில் குடியிருக்கிறேன் என்பது எனக்கே செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. எங்கள் கவுண்டியிலேயே, அதாவது மாவட்டத்திலேயே, திருட்டு விகிதம் அதிகமுள்ள கிராமம் டன்ஸ்டோவாம். ஆயிரம் பேருக்குப் பதினைந்து திருட்டு. பெரிய நகரத்துச் சந்துகளில்கூட அவ்வளவு கிடையாதாம். அடப்பாவிகளா, எங்கள் ஊரில் மொத்தமே இருநூறு பேர்! ஆயிரத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஹாஸ்க் கிழவரின் ஆடுகளையும் குளத்து வாத்துகளையும் சேர்த்துக்கொண்டாலும் தேறாது. நடந்தது மூன்று திருட்டு. அதை ஐந்தால் பெருக்கி எங்கள் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

என் பெயர் ஹெஸ்டர். 'கலப்பை' பப்பை, இந்த ஊரின் மதுக்கடையை, நடத்துகிறவள். ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று இரண்டு கோப்பை உள்ளே போனதும் எல்லோரும் என்னிடம் வந்து கொட்டிவிடுவார்கள். நான் கேட்கவே வேண்டியதில்லை, கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றால் போதும். அப்படிப்பட்ட என்னிடம் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சிந்தாத ஒரே ஆள் பெரில் டஃப்னெல். ஜின் ஊற்றிப் பார்த்தேன், கிறிஸ்துமஸுக்குப் பிராந்தி கொடுத்துப் பார்த்தேன், என் பருப்பு வேகவில்லை. அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பெரில் எங்கள் ஊரின் தபால்காரி. சிவப்பு வேனில் வந்து அதைச் சர்ச்சு வாசலில் நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மில்வரைக்கும் நடப்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தாள். பனி முழங்காலுக்கு விழுந்த வருஷம் வேன் வரவில்லை, தபால் வந்தது. குட்டையான, அகலமான பெண். சிரிப்பது அபூர்வம், நடப்பதில் மட்டும் அவசரம். புருஷன் ஸ்டான் லாரி ஓட்டினவன், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தைகள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வழியில் நடந்தாள். பையில் தபால் இல்லை, நாய்க்குப் போடும் பிஸ்கட் இருந்தது.

சாவி விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஊருக்குப் போகும்போது பூனைக்குச் சோறு வைக்க யாரோ ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபின் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும் பெரில், நீதான் தினம் இந்தப் பக்கம் வர்றியே." அடுத்த வீட்டுக்காரரும் கொடுத்தார். அப்புறம் அதற்கடுத்த வீடு. கடைசியில் ஊரின் உபரிச் சாவி முழுக்க அவள் அடுக்களைச் சுவரில் வந்து தொங்கியது. வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு ஒரு சாவி. எதிலும் பேர் எழுதவில்லை. சர்ச்சில் ஆரம்பித்து மில்லில் முடியும், அவள் தபால் போட்ட வரிசை அப்படியே. தன் கால் நடந்த வழியைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர்ச் சாவியெல்லாம் வைத்திருக்கிறவள் தன் வீட்டுப் பின்கதவைப் பூட்டியதே கிடையாது.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏன் பெரில், இத்தனை சாவியைத் தொங்கவிட்டுட்டு உன் கதவ இப்படித் தொறந்து போட்டிருக்கியே?"

"எவனாவது சாவி வேணும்னு வந்தா நான் வீட்ல இல்லாட்டி என்னடி பண்ணுவான்?" என்றாள். 

அந்தச் சாவிகளால் நடந்த காரியங்களை எழுத உட்கார்ந்தால் என் பப்பை மூட வேண்டியதுதான். பாய்லர் பழுதுபார்க்க வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடுவது, நாயை வெளியே விடுவது எல்லாம் சாதாரணம். ஒரு குளிர்காலக் காலை, விடிந்து நேரமாகியும் வில்ஃப்ரெட் ஹாஸ்க் கிழவர் வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை. எங்கள் ஊரில் திரைச்சீலை விலகவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரில் தட்டிப் பார்த்தாள், பதிலில்லை. சாவி போட்டுத் திறந்தாள். குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார், உடம்பில் பொட்டுத் துணியில்லாமல். துண்டைப் போர்த்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும்வரை தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இது எனக்கு எப்படித் தெரியும்? பெரில் சொன்னாளா? போங்கள்! அவர் விழுந்தார் என்றுகூடச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்" என்றாள், முடிந்தது. வருஷங்கள் கழித்து ஹாஸ்க்கே என் பப்பில் உட்கார்ந்து சொன்னார்.

"என் கோலத்த அவ ஒருத்திதான் பாத்தா, ஹெஸ்டர். மறுவாரம் தெருவுல பாத்தப்ப என்ன சொன்னா தெரியுமா? 'உங்க வேலி சாஞ்சிருக்கு வில்ஃப்ரெட், கட்டுங்க'ன்னா. அவ்ளோதான்!" சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டில் பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, எந்தத் தம்பதி தனித்தனி அறையில் படுக்கிறார்கள், யார் வெளியில் பட்டுச்சட்டையும் வீட்டில் காலி அலமாரியுமாக இருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு கோழி இடம் மாறி முட்டையிட்டால் சாயங்காலத்துக்குள் எனக்குச் செய்தி வந்துவிடும். அவளிடம் போனது மட்டும் அவளோடு நின்றது. எனக்கு அதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். என்னால் ஒரு நாள் முடியாது.

சரி, திருட்டுக்கு வருகிறேன்.

ஆப்பிள் பழுக்கிற மாதத்தில் மூன்று வீட்டில் அடுத்தடுத்துத் திருட்டு. பகலில்தான், ஆட்கள் வெளியே போயிருந்த நேரத்தில். ஒரு வீட்டில் நகை, இன்னொன்றில் வெள்ளிச் சாமான். மூன்றாவது லெட்டிஸ் ஆர்ம் வீடு. லெட்டிஸ் செல்லோ வாசிக்கிறவள். ஆள் உயரத்துக்குத் தரையில் நிறுத்தி வாசிப்பார்களே, அந்தப் பெரிய வாத்தியம். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துத்தான் தனியாளாக வயிற்றைக் கழுவுகிறாள். அந்தச் செல்லோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படுபாவிகள்!

மூன்று வீட்டிலும் கதவு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. அழகாகச் சாவி போட்டுத் திறந்து, போகும்போது பூட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். உபரிச் சாவி எங்கே என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்: பெரில் டஃப்னெலிடம்.

கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். பளபளவென்று காலணி போட்டவன், எங்கள் ஊர்ச் சேற்றில் பாவம் என்ன பாடுபட்டானோ. அவன் பெரில் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், இறைச்சி அடைத்துச் சுட்ட பை பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். அவன் கொக்கிகளைப் பார்த்தான், பூட்டாத பின்கதவைப் பார்த்தான், புருவத்தை உயர்த்தினான்.

"இந்த மூணு வீட்டுக்கும் வேற சாவி எங்கயாவது இருக்கறதா உங்களுக்குத் தெரியுமா, மேடம்?"

பெரில் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட இருக்கற சாவி இதோ தொங்குது. என்கிட்ட இல்லாதத பத்தி நான் பேசறதில்ல."

"அப்ப, யாரோ இங்க வந்து எடுத்துட்டுப் போய் திரும்ப மாட்டியிருக்கலாம்னு எழுதிக்கட்டுமா?"

"என்ன வேணா எழுதிக்குங்க. டீ குடிக்கிறீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனதும் கத்தினேன். "ஏன் பெரில், வாயில என்ன கொழுக்கட்டையா? இங்க எவனும் வரலன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே? உன் தலையிலதானே வந்து விடியும்!"

"உன் தட்டு அங்க இருக்கு, எடுத்துக்க" என்றாள்.

விடிந்தது. செய்தித்தாள் வந்த வாரத்திலிருந்து ஊர் பேச ஆரம்பித்தது. ஊர்க்காவல் குழுத் தலைவர் நைஜல் ஸ்டோக் வீடு வீடாகப் போய் ஜன்னலில் மஞ்சள் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினார். அவர் வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்று, எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கி வந்தவர். கெட்டவர் இல்லை. விளக்கப்படம் இல்லாமல் யோசிக்கத் தெரியாது, அதுதான் குறை. புதிதாக வந்தவர் என்பதால் அவர் வீட்டுச் சாவி மட்டும் பெரிலிடம் இல்லை. என் பப்பில் இரண்டு பேர் மூலையில் உட்கார்ந்து, "அவ எடுத்திருக்க மாட்டா, ஆனா அவகிட்ட இருந்துதானே போயிருக்கணும்" என்று இழுத்தார்கள். நான் அவர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டேன், பாதி பீரோடு.

"என் பீரக் குடிச்சுக்கிட்டு என் கடையில பெரிலப் பேசற வேலை வேணாம். எந்திரி, ரெண்டு பேரும் கெளம்புங்க!"

கிளம்பினார்கள். பேச்சு கிளம்பவில்லை, அது ஊரிலேயே தங்கியது. தெருவில் பெரில் வந்தால் வானிலையைப் பற்றி ரொம்ப உற்சாகமாகப் பேசினார்கள். எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளிவைக்கிற விதம் அது. அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவள் கையில் அந்த ஊர் கொடுத்த ஒரே மரியாதை அந்தச் சாவிகள்தான். அதையும் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை பிற்பகல் ஊர் மண்டபத்தில் கூட்டம். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மூலையில் தேநீர் கொதித்தது, தட்டில் பிஸ்கட். இத்தனை பேர் கூடி நான் பார்த்தது அறுவடை விருந்தில் மட்டும்தான். எங்கள் பகுதிப் போலீஸ்காரப் பெண் ப்ரையனி ஓரமாக நின்றாள். நைஜல் திரையில் படம் போட்டார். மற்ற ஊர்களெல்லாம் குட்டைக் கோடு, டன்ஸ்டோ மட்டும் சிவப்பாகக் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்று ஆரம்பித்தார் நைஜல். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "ஆனா ஊர்ச் சாவி மொத்தமும் ஒரே சுவத்துல, பூட்டாத வீட்ல. இது இந்தக் காலத்துக்கு ஒத்துவராதுங்க. எல்லாரும் அவங்கவங்க சாவிய திரும்ப வாங்கிக்கறதுதான் பாதுகாப்பு."

ஹாஸ்க் கிழவர் பின்னாலிருந்து, "ஒங்க பாதுகாப்பத் தூக்கிக் குப்பையில போடுங்க!" என்றார். யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள். நான் எழுந்து இரண்டு வார்த்தை விளாசலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் கதவு திறந்தது.

பெரில் துவைத்த துணி போடும் கூடையோடு வந்தாள். நேராக முன்னால் போய் நைஜலின் காகிதங்களை ஒதுக்கிவிட்டு மேசையில் கூடையை வைத்தாள். உள்ளே துணி காயப்போடும் கயிறு, அதில் சாவிகள் கோத்திருந்தன. கொக்கியிலிருந்து எடுத்த வரிசை கலையாமல் கோத்திருக்கிறாள்.

"ஒவ்வொண்ணா தேடிக்கிட்டு இருக்க முடியாது" என்றாள். "நான் தபால் போட்ட வரிசையில நில்லுங்க. சர்ச்சுல ஆரம்பிச்சு மில்லுல முடியணும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. பாதிரியார் முதலில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட வீடு. "நான் உங்களுக்கு முன்னாடியா, பின்னாடியா?" "முன்னாடி, உங்க வீட்டுக்கு அப்புறந்தானே எங்க சந்து." போகாக் குடும்பமும் லாம்பர்ட் குடும்பமும் நடுவேலித் தகராறில் பல வருஷமாக முகம் பார்த்துக்கொள்ளாதவர்கள். அவர்களும் தோளோடு தோள் நிற்க வேண்டியதாயிற்று, அடுத்தடுத்த வீடாயிற்றே. வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து கதவுவரைக்கும் போனது. நான் பப்பின் இடத்தில், குளத்துக்கும் ஹாஸ்க் வீட்டுக்கும் நடுவில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். கடவுளே! சுவர் இல்லாமல், கூரை இல்லாமல், எங்கள் ஊர் அப்படியே அந்த மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஊரை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த வரிசையைத்தான் அவள் தினம் காலையில் நடந்திருக்கிறாள்.

பெரில் கயிற்றின் முனை முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு சாவியாக உருவி, ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். தூக்கிப் போடவில்லை, உள்ளங்கையில் வைத்தாள்.  வாங்கினவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

என் முறை வந்தது. "எனக்கு வேணாம்" என்றேன்.

"வரிசைய நிறுத்தாத ஹெஸ்டர்."

"பெரில், நான் எப்பவாவது உன்ன..."

"தெரியும்டி. பிடி." பிடித்தேன்.

எனக்கு அடுத்தவர் ஹாஸ்க். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் மறுபடி விழுந்தா யாரு பொண்ணே வருவா?" என்று கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.  பெரில் அவர் விரல்களைச் சாவியின்மேல் மடக்கிவிட்டாள். "விழாதீங்க வில்ஃப்ரெட்" என்றாள்.

அவருக்குப் பின்னால் லெட்டிஸ் ஆர்ம். நான் சாவியை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. லெட்டிஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கையை நீட்டவில்லை.

"என்னால முடியல பெரில்."

"வாங்கிக்க" என்றாள் பெரில், குரலைத் தாழ்த்தி. "வாயத் தொறக்காத. இன்னும் இன்ஷூரன்ஸ் பணம் வரல உனக்கு. பேசாம வாங்கிட்டுப் போ."

"உனக்குத் தெரியும். மொதல்லேர்ந்தே உனக்குத் தெரியும், இல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பிடி சாவிய."

லெட்டிஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அழுகை, கூடவே வார்த்தை. "லாவண்டர் தொட்டிக்கு அடியில இருந்துச்சு! எங்க வீட்டுச் சாவி இன்னொண்ணு, எப்பவும் தொட்டிக்கு அடியிலதான் இருக்கும். திரும்பி வந்து பாத்தப்ப தொட்டி நகந்திருந்துச்சு. சொன்னா இன்ஷூரன்ஸ் தரமாட்டாங்க, கதவுக்கு வெளிய சாவிய வச்சா ஒரு காசு கிடையாது. செல்லோ இல்லாம நான் என்ன பண்ணுவேன்? தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து வச்சா மட்டும்தான் தருவாங்க, அதான் சொல்லல. பெரில்கிட்ட இருக்குன்னு மட்டும் சொன்னேன். இவளுக்குத் தெரியும்! பார்சல் வந்தா 'தொட்டிக்கு அடியில சாவி, உள்ள வச்சுடு'ன்னு நான்தான் இவகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் அன்றைக்குப் பெரில் சொன்னது உறைத்தது: என்கிட்ட இல்லாதத பத்தி நான் பேசறதில்ல. அந்தப் பளபளக் காலணிக்காரனிடம் ஒரே ஒரு வார்த்தை, தொட்டி என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவளைவிட்டுப் போயிருக்கும். லெட்டிஸுக்கு வரவேண்டிய செல்லோப் பணமும் போயிருக்கும். ஊர் முழுக்கத் தன்னைச் சந்தேகமாகப் பார்த்த அத்தனை வாரமும், தினம் காலையில் அந்தத் தொட்டியைத் தாண்டி நடந்துபோயிருக்கிறாள்!  

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வரிசையில் இருந்தார்கள். நகை போன வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எங்களுது... தோட்டத்துக் கல் தவளைக்கு அடியில." வெள்ளிச் சாமான் போன வீட்டம்மா முகத்தை மூடிக்கொண்டு, "வாசல்ல இருக்கற மழைக்கால பூட்ஸுக்குள்ள" என்றாள். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆயிற்று. திருட்டுப் போகாதவர்களும் ஆரம்பித்தார்கள். "எங்க வீட்ல பறவைக்குத் தீனி வைக்கற கூண்டுல." "நாங்க வாசல் கால்மிதிக்கு அடியில." "எங்களுது வாசல்ல வச்ச பூசணிக்காய்க்குப் பின்னாடி." போகாக் அம்மா லாம்பர்ட் அம்மாவைப் பார்த்து, "உங்களுது குள்ளன் பொம்மைக்கு அடியிலதானே, தெரியும்" என்றாள். பல வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. போலீஸ்காரப் பெண் ப்ரையனி தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரில்கிட்ட ஒரு சாவி குடுத்துட்டு, எதுக்குங்க தொட்டிக்கு அடியில இன்னொண்ணு?" என்று கேட்டாள் பாவம்.

"பெரில நேரங்கெட்ட நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதில்ல" என்றார் பாதிரியார். எல்லோரும் தலையாட்டினார்கள். இப்படி ஒரு மரியாதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

நைஜலின் மனைவி கூட்டத்தின் நடுவிலிருந்து, "நைஜல், நம்ம தோட்டத்துக் கல் முள்ளெலிக்கு அடியில இருக்கற சாவிய எடுத்தீங்களா?" என்று கேட்டாள். சிவப்புக் கோடு அவர் முகத்தில் ஏறியது. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. நானும்தான்.

பெரில் சிரிக்கவில்லை. கயிற்றில் மிச்சமிருந்த சாவிகளையும் மில்வரைக்கும் கொடுத்து முடித்தாள். சிலர் வாங்கின சாவியை மறுபடி கூடையில் போட வந்தார்கள். கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வாங்கினது வாங்கினதுதான்" என்றாள். "எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க." லெட்டிஸிடம் மட்டும் திரும்பி, "முட்டாள் பொண்ணு. புதுச் செல்லோவும் போச்சே" என்றாள். காலிக் கயிற்றைக் கூடையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். 

செல்லோ போனது போனதுதான். கம்பெனி கையை விரித்துவிட்டது. மூன்று வீட்டிலும் கைவைத்தவர்கள் இரண்டு கவுண்டி தாண்டி வேறொரு வீட்டுத் தொட்டியைத் தூக்கும்போது பிடிபட்டார்கள், பொருள் எதுவும் திரும்பவில்லை. ஊரே கேக் விற்று, சர்ச்சு மணி அடிக்கிறவர்கள் நாள் முழுக்க மணி அடித்து வசூல் பண்ணி, லெட்டிஸுக்குப் பழைய செல்லோ ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சளி பிடித்த பசு மாதிரிக் கத்துகிறது என்கிறாள். பிள்ளைகள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள், அது போதும்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, சர்ச்சுக்குக் கூப்பிடும் மணி அடிப்பதற்கு முன்பே நான் பெரில் வீட்டுக்குப் போனேன். கையில் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பை பலகாரம் ஒன்று, என் பப்பின் சாவி. பின்கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.  பெரில் பின்கதவைப் பூட்டியிருந்தாள்!

தட்டினேன். வந்து திறந்தாள். அடுக்களையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. கொக்கிகள் காலியாக வரிசையாக நின்றன. அந்தச் சுவரைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

"நடக்கப் போகலியா?" என்று கேட்டேன்.

"இனிமே எதுக்கு?"

நான் சாவியை மேசையில் வைத்தேன். தள்ளிவிட்டாள். நான் திரும்ப வைத்தேன். மறுபடி தள்ளிவிட்டாள். "ஊருக்குப் பதிலா பாவம் பாத்து நீ ஒருத்தி குடுத்தா ஆச்சா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது, இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

அப்போது முன்கதவில் தபால் போடும் துவாரத்தின் பித்தளை மூடி டக்கென்று தூக்கிக்கொண்டது. ஏதோ கால்மிதிமேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, தபால் கிடையாது. இருவரும் நடைவழியில் போய்ப் பார்த்தோம். கால்மிதியில் ஒரு சாவி கிடந்தது. குனிந்து பார்ப்பதற்குள் மூடி மறுபடி தூக்கியது, இன்னொன்று. வெளியே சரளைக்கல்லில் காலடிச் சத்தம், போவதும் வருவதும். யாரும் கூப்பிடவில்லை, தட்டவில்லை. டக், டக் என்று விழுந்துகொண்டே இருந்தது. தடித்த சாவி, சின்னச் சாவி, ஹாஸ்க் கிழவரின் துருப்பிடித்த இரும்புச் சாவி. அது விழுந்தபோது வெளியே கிழவர் இருமிய சத்தம்கூடக் கேட்டது.

பெரில் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷமா நான் வெளியில நின்னு போட்டேன் ஹெஸ்டர்" என்றாள். "உள்ள இருந்து கேட்டா இப்படித்தான் இருக்குமா?"

நான் போய் அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.  அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வழியவிட்டாள். சாவி விழுந்துகொண்டே இருந்தது.

சத்தம் நின்றபின் எழுந்து, கவுனின் முன்பக்கத்தை ஏந்தி அத்தனையையும் அள்ளிக்கொண்டாள். "வரிசையில போடத் தெரியுதா பாரு, எல்லாம் கலந்து கெடக்கு" என்று திட்டிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். சர்ச்சு, பள்ளிக்கூட வீடு, போகாக், லாம்பர்ட் என்று கை தன்னால் கொக்கிகளுக்குப் போனது. என் பப்பின் சாவியும் மேசையிலிருந்து எழுந்து அதன் இடத்துக்குப் போனது. கடைசியில் கையில் ஒன்று மிஞ்சியது. புதுசு, பளபளவென்று இருந்தது, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் வரிசையில இல்லியே."

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மழைக்கோட்டு போட்ட ஒருவர், கக்கத்தில் கல் முள்ளெலியை இடுக்கிக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"நைஜல்" என்றேன்.

பெரில் கொக்கிகளை ஒருமுறை பார்த்தாள். நைஜல் வீடு லெட்டிஸ் வீட்டுக்கும் பழைய கொல்லன் பட்டறைக்கும் நடுவில். அந்த இடத்தில் கொக்கி இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்தாள். லெட்டிஸின் சாவிக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து அடித்து, அந்தப் புதுச் சாவியை மாட்டினாள். அப்புறம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நாய் பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சர்ச்சுப் பக்கமாக நடந்தாள்.